முப்பது நொடியில் ஒரு கதை: கல்லூரிக் கபடியும் தொலைக்காட்சியும்

2014 ஜூலை 26 அன்று மும்பையின் என்.எஸ்.சி.ஐ. உள்ளரங்கில் புரோ கபடி லீக் தொடங்கியபோது, அது தேறும் என்று நம்பியவர்கள் அதிகமில்லை. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவும் வர்ணனையாளர் சாரு சர்மாவும் சேர்ந்து உருவாக்கிய மஷால் ஸ்போர்ட்ஸ் எட்டு அணிகளைத் திரட்டியிருந்தது. ஒளிபரப்பு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் கையில். மண்ணில் புரண்டு ஆடும் ஆட்டத்தை நகரத்து வீடுகளில் இரவு எட்டு மணிக்கு யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தது. ஆகஸ்ட் 31-ல் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் யு மும்பாவை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. பிறகு கணக்கு வந்தது: முதல் பருவத்தைப் பார்த்தவர்கள் 43.5 கோடிப் பேர். அந்த ஆண்டு அதைவிட அதிகம் பேர் பார்த்த இந்திய லீக் ஐ.பி.எல். ஒன்றுதான்.

ஜெய்ப்பூர் அணி உரிமையாளர் அபிஷேக் பச்சன், வண்ண விளக்குகள், முன்வரிசையில் சினிமா முகங்கள் என்று இதற்குப் பலரும் காரணம் அடுக்கினார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. நட்சத்திரம் முதல் நாள் கூட்டத்தைக் கொண்டுவரும். இரண்டாவது வாரம் ஆளை நாற்காலியில் இருத்த வேண்டியது ஆட்டம்தான்.

ஆட்டத்துக்குள் நடந்த மாற்றம் சிறியது, விளைவு பெரியது. ஒரு ரைடுக்கு 30 நொடி. அந்த 30 நொடி திரையின் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் ரைடர் வெளியே போகவேண்டும். இதற்கு ‘டூ ஆர் டை’ என்று பெயர். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்துவிட்டால் கூடுதலாக ஒரு புள்ளி; அது ‘சூப்பர் டேக்கிள்’. தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கும் எப்போதும் ஒரு கதவு திறந்திருக்கும். ஆட்டம் இரண்டு பாதி, பாதிக்கு 20 நிமிடம். இடைவேளையும் விளம்பரமும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சீரியல் பார்க்கும் குடும்பம் ஒரு சீரியலுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே பார்த்து முடித்துவிடலாம்.

கபடி தெரியாதவருக்கும் புரியும்படி ஆனது இதனால்தான். ஒருவன் போகிறான், ஏழு பேர் காத்திருக்கிறார்கள், கடிகாரம் ஓடுகிறது. பிடிபடுவானா, கோட்டைத் தொடுவானா? முப்பது நொடிக்கு ஒரு முடிவு. 40 நிமிடத்தில் பல பத்து முடிவுகள். தொலைக்காட்சிக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது.

இதே காலத்தில் மல்யுத்தமும் முயன்றது. 2015 டிசம்பரில் புரோ ரெஸ்லிங் லீக் வந்தது. ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள் வந்தார்கள், வெளிநாட்டு வீரர்கள் வந்தார்கள். 2016-ல் ‘தங்கல்’ படம் வெளியாகி நாடே மல்யுத்தம் பேசியது. அப்படியும் 2019 பருவத்துக்குப் பின் லீக் பல ஆண்டுகள் நின்றுபோனது. நிர்வாகச் சிக்கல்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் திரையில் பார்ப்பவரின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். எதற்கு ஒரு புள்ளி, எதற்கு இரண்டு, எதற்கு நான்கு, பாயைவிட்டு வெளியே தள்ளினால் என்ன, ஒதுங்கி நின்றால் என்ன தண்டனை என்பது வர்ணனையாளர் சொல்லித்தான் புரிகிறது. கண்ணால் பார்த்ததும் புரிவதில்லை. மாமல்லன் பெயரில் ஒரு பழைய துறைமுக நகரத்தையே வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கும் இன்று மல்யுத்தம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டபிள்யூ.டபிள்யூ.ஈ.தான். அங்கே புள்ளியே கிடையாது. தோள் மூன்று எண்ணும்வரை தரையில் ஒட்டியிருந்தால் போதும். நடிப்புச் சண்டை என்று தெரிந்தும் இரண்டு தலைமுறைப் பையன்கள் அதைப் பார்த்தார்கள் என்றால், புரிந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கல்லூரி மல்யுத்தத்தைத் தொலைக்காட்சியில் வாழவைத்த ஊர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அமெரிக்காவின் ஐயோவாவைத்தான் சொல்லவேண்டும். மக்காச்சோளமும் பன்றிப் பண்ணையும் நிறைந்த மாநிலம். அங்கே ஐயோவா பல்கலைக்கழக அணிக்கு டான் கேபிள் பயிற்சியாளராக இருந்த 21 பருவங்களில் 15 தேசியப் பட்டங்கள் கிடைத்தன. பொதுப் பணத்தில் நடக்கும் அம்மாநிலத் தொலைக்காட்சி மல்யுத்தத்தைத் தொடர்ந்து காட்டியது. விவசாயி வீட்டுப் பாட்டிக்கும் 126 பவுண்டு எடைப்பிரிவில் யார் ஆடுகிறான் என்று தெரியும் நிலை வந்தது.

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் இரண்டு விதமான போட்டிகள் உண்டு. ஒன்று, இரண்டு கல்லூரிகள் மட்டும் மோதும் மாலை. பத்து எடைப்பிரிவு, பிரிவுக்கு ஒரு மற்போர். சாதாரண வெற்றிக்கு அணிக்கு மூன்று புள்ளி, முதுகைத் தரையில் அழுத்திவிட்டால் ஆறு. கடைசி ஆள் பாயில் ஏறும்வரை எந்தக் கல்லூரி ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று தேசியத் தொடர். 330 வீரர்கள், மூன்று நாள். தொடக்கத்தில் எட்டுப் பாய்களில் ஒரே நேரத்தில் மற்போர் நடக்கும். அரங்கில் இருப்பவருக்கே தலை சுற்றும். ஆனால் கடைசி இரவு அரங்கின் நடுவே ஒரே ஒரு பாயை உயர்த்திப் போட்டு, விளக்கை அதன்மேல் மட்டும் விட்டு, பத்து இறுதிப் போட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நடத்துவார்கள். அந்த இரவை ஈ.எஸ்.பி.என். நேரலையில் காட்டுகிறது.

2015 நவம்பர் 14-ல் ஐயோவா இன்னும் ஒரு படி போனது. அமெரிக்கக் கால்பந்து நடக்கும் கின்னிக் மைதானத்தின் நடுவே ஒரு பாயை விரித்து ஓக்லஹோமா ஸ்டேட்டை அழைத்தது. வந்தவர்கள் 42,287 பேர். ஐயோவா 18–16 என்று வென்றது. ஒரு கல்லூரி மல்யுத்தப் போட்டிக்கு, திறந்த வெளியில், நவம்பரில். பார்வையாளர் இல்லை என்று சொல்பவர்கள் முதலில் எதைக் காட்டினோம், எப்படிக் காட்டினோம் என்று யோசிக்கவேண்டும் என்பதற்கு இந்த ஒரு போட்டி போதும்.

இனி சென்னையின் ஜி.எஸ்.டி. சாலைக்கு வருவோம். இரும்புலியூரின் பக்கத்திலேயே 1937-ல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் காடு. வடக்கே குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யும் வைஷ்ணவ மகளிர் கல்லூரியும். பல்லாவரத்தில் வேல்ஸ். தெற்கே பொத்தேரி நிலையத்தில் இறங்கினால் எஸ்.ஆர்.எம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையில் போனால் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் ஒரே மின்சார ரயில் பாதையில் இருக்கின்றன. ஒரு கல்லூரியின் மாணவர் கூட்டம் இன்னொரு கல்லூரியின் மைதானத்துக்குப் போகப் பத்து ரூபாய் டிக்கெட் போதும். இப்படியொரு வாய்ப்பு ஐயோவாக்காரர்களுக்குக்கூட இல்லை; அவர்கள் பனியில் பல மணி நேரம் கார் ஓட்டுகிறார்கள்.

இருந்தும் கல்லூரிக் கபடியை யார் பார்க்கிறார்கள்? ஆடுபவர்கள், அடுத்து ஆடக் காத்திருப்பவர்கள், விசிலோடு நிற்கும் உடற்கல்வி இயக்குநர்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் மண்டலவாரியாக நடக்கின்றன. தென்மண்டலம் என்றால் பல மாநிலங்களிலிருந்து அணிகள் ஓர் ஊரில் கூடும். சில நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்பதால் பக்கத்துப் பக்கத்துக் களங்களில் காலையிலிருந்து ஆட்டம் ஓடும். ஒரு களத்தில் கடைசி நிமிடம், இன்னொன்றில் டாஸ், மூன்றாவதில் தகராறு. அதை ஒளிபரப்புவதும் கல்யாண மண்டபத்தில் ஒரே நேரத்தில் நடக்கும் மூன்று முகூர்த்தங்களை ஒரு கேமராவில் பிடிப்பதும் ஒன்றுதான். போட்டியை நடத்துபவர்களின் குறையல்ல இது. இந்த வடிவம் தகுதியான அணியைத் தேர்ந்தெடுக்க உருவானது. பார்ப்பவரை நினைத்து உருவானதல்ல.

அரசு செலவு செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. பல்கலைக்கழகங்களுக்கான கேலோ இந்தியா போட்டி 2020 பிப்ரவரியில் புவனேஸ்வரத்தில் தொடங்கியது. 2024 ஜனவரியில் இளைஞர்களுக்கான கேலோ இந்தியா சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு ஊர்களில் நடந்து, தமிழ்நாடு 38 தங்கத்தோடு இரண்டாம் இடம் பிடித்தது. முதலமைச்சர் கோப்பையில் பள்ளி மாணவர்களோடு கல்லூரி மாணவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. 2024-ல் மொத்தப் பரிசுத்தொகை 37 கோடி ரூபாய். காசு இருக்கிறது, மைதானம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். பார்ப்பவரை உட்கார வைக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் கபடிக்குப் பார்வையாளர் பஞ்சம் என்று யாராவது சொன்னால் அவர்கள் தஞ்சை, திருவாரூர், தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஊர்த் திருவிழா இரவில் நின்றதில்லை என்று அர்த்தம். மாலையில் தண்ணீர் தெளித்து மண்ணைப் படிய வைப்பார்கள். சுண்ணாம்புப் பொடியில் கோடு. நாலு மூலையில் கம்பம் நட்டு விளக்கு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆண்கள், திண்ணையிலும் மாடியிலும் பெண்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, அதைத் தருபவரின் பெயர், அவர் அப்பா பெயர் எல்லாம் ஃபிளெக்ஸில் இருக்கும். நடுச்சாமத்துக்கு மேல்தான் அரையிறுதி. அதுவரை கூட்டம் கலையாது.

கூட்டத்தைக் கலையவிடாமல் பிடித்துவைப்பவர் மைக்காரர். எந்த ஊர் அணி, எந்தப் பையன் யாருடைய தங்கை மகன், போன வருஷம் இதே மைதானத்தில் இவன் எப்படித் தோற்றான், இன்று யாருக்குக் கணக்குத் தீர்க்க வந்திருக்கிறான் என்று அவருக்கு எல்லாம் தெரியும். தடுப்பு வரிசையின் இடது முனையில், கார்னரில் நிற்பவன் ரைடரின் கணுக்காலைப் பிடித்துவிட்டால், கவரில் நிற்பவன் இடுப்பைக் கட்டும் முன்பே அவர் குரல் உயர்ந்துவிடும். இப்போது இந்த இரவுகளைச் செல்போன் ஸ்டாண்டில் வைத்து யூடியூபில் நேரலை விடும் இளைஞர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். படம் ஆடும், வெளிச்சம் கண்ணைக் கூசும், புள்ளிக் கணக்குச் சில நேரம் பிந்தும். ஆனாலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போன ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஸ்லோமோஷன் தேவைப்படவில்லை. களத்தில் இருப்பவனைத் தெரியும், அது போதும்.

இந்த மண்ணிலிருந்துதான் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற மணத்தி கணேசன் வந்தார். அவருடைய வாழ்க்கையின் தாக்கத்தில் மாரி செல்வராஜ் 2025-ல் ‘பைசன் காளமாடன்’ எடுத்தார். தஞ்சை மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். நாற்பதைக் கடந்த வயதிலும் கார்னரில் நின்று இளம் ரைடர்களின் கணுக்காலுக்குக் குறிவைத்தவர். தமிழ் சினிமாவில் ‘கில்லி’யும் ‘வெண்ணிலா கபடி குழு’வும் ஓடிய ஓட்டம் எல்லாருக்கும் தெரியும். ஆட்டத்தின் விதியைத் தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

பெயரும் முகமும் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ் தலைவாஸ் நல்ல சான்று. 2017-ல், ஐந்தாம் பருவத்தில், புதிதாகச் சேர்ந்த நான்கு அணிகளில் ஒன்று. அதே ஆண்டு மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை வந்துவிட்டதால் வர்ணனை தமிழில் கிடைத்தது. சென்னை நேரு உள்ளரங்கில் கூட்டம் இருந்தது. ஆனால் தலைவர் இமாச்சலத்துக்காரர் அஜய் தாக்குர். முக்கிய இடங்களில் வடநாட்டு வீரர்கள். ‘எங்க ஊர்ப் பையன் எங்கே?’ என்ற கேள்வி முதல் பருவத்திலிருந்தே அணியைத் துரத்தியது. 2022-ல் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவர் காயமடைந்து வெளியேறினார். கோடி ரூபாய் நட்சத்திரம் இல்லாமலேயே அந்தப் பருவத்தில்தான் அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. ரசிகர்கள் அந்த அணியைக் கொண்டாடினார்கள்.

பெண்கள் கபடியின் கதை இதைவிடக் கசப்பானது. 2016-ல் புரோ கபடியோடு சேர்த்து மூன்று அணிகள் மட்டும் கொண்ட மகளிர் கபடி சேலஞ்ச் நடந்தது. இறுதியாட்டத்தில் ஸ்டார்ம் குவீன்ஸ் 24–23 என்று ஃபயர் பேர்ட்ஸை வென்றது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடிந்த இறுதியாட்டத்துக்குப் பிறகும் அந்தப் போட்டி தொடரவில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் ஈரானை 75–21 என்று நசுக்கித் தங்கம் வாங்கினார்கள். அணியின் துணைத்தலைவி கார்த்திகா, தென்சென்னைக் கண்ணகி நகர்ப் பெண். குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. அவர் திரும்பியபோது ஊரே திரண்டது. அரசு 25 லட்சம் ரூபாய் வழங்கியது. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு அவர் பெயர் தெரிந்தது பதக்கம் கழுத்தில் ஏறிய பிறகுதான். அவர் கண்ணகி நகரில் பயிற்சி செய்த ஆண்டுகளில், தாம்பரத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில் அப்படி ஒரு கார்னர் பிளேயர் வளர்கிறாரா, ரைடர் வளர்கிறாரா என்று தெரிந்துகொள்ள எந்தத் திரையும் இல்லை.

ஆகவே வேலை எங்கே தொடங்கவேண்டும் என்பதில் குழப்பமில்லை. மண்டலத் தொடரை அப்படியே ஒளிபரப்ப முயல்வது வீண். அது தேர்வுப் போட்டியாகவே இருக்கட்டும். அதற்கு வெளியே, வாரத்தில் ஒரு மாலை, இரண்டு கல்லூரிகள், ஒரே பாய். ஒரு வாரம் இவர்கள் வளாகம், அடுத்த முறை அவர்கள் வளாகம். ஆண்கள் ஆட்டமும் பெண்கள் ஆட்டமும் அடுத்தடுத்து. இரண்டும் சேர்ந்து இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெண்கள் ஆட்டத்தை முதலில் வைத்துக் கூட்டம் வரும்முன் முடித்துவிடும் பழைய வழக்கத்தை மட்டும் விடவேண்டும். ஒரு வாரம் அது முதலில் என்றால் மறு வாரம் இரண்டாவதாக இருக்கட்டும்.

அலைவரிசை? ஸ்டார் வந்து எடுப்பான் என்று காத்திருப்பது காலவிரயம். 2024 ஜனவரி 19-ல் நேரு உள்ளரங்கில் பிரதமர் கேலோ இந்தியாவைத் தொடங்கிவைத்த அதே நிகழ்ச்சியில்தான் டிடி பொதிகை, டிடி தமிழ் என்று புதுப்பெயர் பெற்றது. மாநில அரசிடம் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. மாணவர்களுக்காகவே உள்ள அலைவரிசை, மாணவர்கள் ஆடும் ஆட்டத்தைக் காட்டுவதில் முரண்பாடு ஏதுமில்லை. ஐயோவாவில் பொதுத் தொலைக்காட்சி செய்த வேலையை இங்கே செய்ய இரண்டு வாசல்கள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன. கேமராவுக்குப் பின்னால் நிற்க இதே கல்லூரிகளின் விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்கள் இருக்கிறார்கள். குறும்படம் எடுக்கக் கதை தேடும் நேரத்தில் மூன்று கேமராவை வைத்து ஒரு நேரலையைப் பழகினால் அவர்களுக்கு வேலையும் கிடைக்கும். ஒரு கேமரா உயரத்தில், முழுக் களமும் தெரிய. ஒன்று நடுக்கோட்டின் முனையில், தரையோடு தரையாக. மூன்றாவது, அமர்ந்திருக்கும் அவுட்டான வீரர்களின் முகத்தில். கபடியில் பாதி நாடகம் அந்த வரிசையில்தான் நடக்கிறது. தன் அணி ஒரு புள்ளி எடுத்தால்தான் ஒருவன் உள்ளே வரமுடியும். அவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான்.

பாய் தனிச் செலவு. பற்கள் கோத்து இணையும் ரப்பர் நுரைச் சதுரங்கள். ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10, பெண்களுக்கு 12-க்கு 8. ஒரே பாயை லாரியில் ஏற்றிக் கல்லூரிக்குக் கல்லூரி கொண்டுபோகலாம். விரிக்கப் பத்து மாணவர் கை கொடுத்தால் போதும். கூரையில்லாத மைதானத்தில் பனி இறங்கினால் வழுக்கும் என்பதால் ஆட்டத்தை மாலை ஆறரைக்குள் தொடங்கிவிடுவது நல்லது.

தேதிதான் உண்மையான தலைவலி. நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. தாம்பரம், முடிச்சூர்ப் பக்கத்து மைதானங்களின் கதி எல்லாருக்கும் தெரியும். ஆக, ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் முடியும்வரை ஒரு பருவம், பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசிவரை இன்னொன்று. ஏறக்குறைய பதினெட்டு வாரம். ஆறு கல்லூரிகள் தமக்குள் இரண்டு முறை மோதினால் 30 ஆட்டம் வரும். வாரம் ஒன்று என்றால் போதாது. சில வாரங்களில் இரண்டு மாலைகள் வேண்டும். அல்லது முதல் ஆண்டு நான்கு கல்லூரிகளோடு 12 ஆட்டமாகத் தொடங்கலாம். அதுவே புத்திசாலித்தனம் என்று படுகிறது.

ஆட்டத்துக்கு முன்பே வீரர்களின் பெயர், ஊர், துறை, நிற்கும் இடம் ஆகியவை பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பி.காம். இரண்டாம் ஆண்டு, சொந்த ஊர் வடுவூர், வலது கவர் என்று திரையில் எழுத்து ஓடினால் வடுவூரில் நூறு பேர் பார்ப்பார்கள். பனியன் எண்ணும் பட்டியல் எண்ணும் பொருந்தவேண்டும். கடைசி நிமிடத்தில் பனியனை மாற்றிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் ஒளிபரப்பைக் குழப்பிவிடும்.

வர்ணனைக்கு ஓய்வுபெற்ற கிரிக்கெட் குரல்களைத் தேடிப்போகக் கூடாது. டெல்டாவிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் அந்த மைக்காரர்களை அழைக்கலாம். அணிகளின் பட்டியலை இரண்டு நாள் முன்பு கையில் கொடுத்தால் போதும், மீதியை அவர்களே விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு இரவுகளில்தான். வியாழக்கிழமை மாலை என்றால் அவர்களுக்கும் தோதுப்படும்.